பழைய வீட்டின் வெப்பத்தை மைக்ரோபைத்தான் கொண்டு அளந்த அனுபவம்

சிறு மின்னணுப் பலகைகளுக்கு நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர்களுக்கு ஆர்டுயினோ பலகையும் சி++ மொழியுமே போதும் என்று இங்கே முன்பு எழுதிய நண்பரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி மாணவர்களோடு பழகியதில் எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு. அவர்களுக்கு, இத்தகைய பலகைகளில் ஓடும் பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானே கூடுதலாக உதவியது.

கானாடுகாத்தான் அருகே ஒரு பழைய நகரத்தார் வீட்டில், சித்திரை வெயிலிலும் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) குளுமையாக இருப்பது எப்படி என்று மாணவர்கள் கேட்டார்கள். "எங்க காலத்துல ஃபேன் ஏது தம்பி, இந்தச் சுவரும் தரையுந்தான்" என்றார் அவ்வீட்டு ஆச்சி. அளந்தே பார்த்துவிடுவோம் என்று, முகப்பிலும் வளவிலும் மாடி ஓட்டுக்கு அடியிலும் டிஎஸ்18பி20 வெப்ப உணரிகளை வைத்து, ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சிறிய பலகை ஒன்றோடு இணைத்தோம். ஒவ்வோர் உணரிக்கும் தனித்த 64 பிட் எண் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே தரவுக் கம்பியில் கோக்கலாம். அக்கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்) ஒன்று வேண்டும்.

மைக்ரோபைத்தான், ஆஸ்திரேலியரான டேமியன் ஜார்ஜ் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கியது. 256 கிலோபைட் நிரல் இடத்திலும் 16 கிலோபைட் நினைவகத்திலும் அது ஓடும். 2021இல் வெளிவந்த பிக்கோவிலோ 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. பலகையிலுள்ள பொத்தானை அழுத்தியபடி கணினியில் செருகி, மைக்ரோபைத்தானின் யுஎஃப்2 என்ற நிறுவல் கோப்பை இழுத்துப் போட்டால் நிறுவல் முடிந்துவிடும்.

மைக்ரோபைத்தானின் உண்மையான பலத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கண்டேன். அவள் எழுதிய நிரலை ஓட்டியதும் வளவின் வெப்பம் 85 டிகிரி என்று வந்தது. அதே கட்டளைகளைத் நிரல் எழுதப் பயன்படும் தோனி (Thonny) என்ற கணினிச் செயலியின் உடனடிக் கட்டளை வரியில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தபோது சரியான அளவு வந்தது. சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "சார், நான் மெதுவா டைப் பண்றதுனாலயா?" என்று கேட்டாள். அதுவே காரணம். 12 பிட் துல்லியத்தில் அளக்க அந்த உணரிக்கு 750 மில்லிவிநாடி வரை தேவை. முதல் முறை அதற்குள் படித்தால், மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவில் இருக்கும் 85தான் கிடைக்கும். காத்திருக்கும் வரி ஒன்றைச் சேர்த்ததும் சரியாயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி), பலகையில் ஏற்றி, விடைக்குக் காத்திருக்கும் முறையில் இந்தக் கேள்வி இவ்வளவு விரைவில் பிறந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சிறிய பலகைக்குரிய எல்லைகளும் உண்டு. அளவுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் நினைவகம் தீர்ந்து நிரல் நின்றுவிடும் என்பதால், அவ்வப்போது கோப்பில் எழுதிவிட வேண்டும். மின்வெட்டுக்குப் பின், பலகையில் மெயின்.பிஒய் என்ற பெயரில் சேமித்த நிரல் தானாகவே ஓடத் தொடங்கும். ஆனால் பிக்கோவின் கடிகாரம் 2021 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். பேட்டரியுடன் கூடிய டிஎஸ்3231 கடிகாரத்தைச் சேர்த்தால்தான் பதிவுகளில் சரியான நேரம் இருக்கும். மைக்ரோவிநாடிக் கணக்கில் துல்லியம் தேவைப்படும் வேலைக்கு நானும் சி மொழியைத்தான் பரிந்துரைப்பேன்.

பதிவுகளைப் பார்த்தபோது, ஓட்டுக்கு அடியில் பிற்பகலில் வெப்பம் விறுவிறுவென ஏறியிருக்க, வளவில் அது தாமதமாகவும் மிகக் குறைவாகவுமே ஏறியிருந்தது. உணரிகள் அரை டிகிரி வரை பிசகக்கூடும் என்பதால், நீர் புகாத உறையிட்டவற்றை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் இட்டு ஒப்பிட்ட பிறகே சிறிய வேறுபாடுகளை நம்பலாம்.

அடுத்து இரண்டாம் கட்டு வரை கம்பியை நீட்ட மாணவர்கள் விரும்புகிறார்கள். கிளைகளாகப் பிரிக்காமல் ஒரே ஓட்டமாக இழுப்பது நல்லது என்பதை அறிவேன். இவ்வளவு நீளத்தில் இழுத்துப் பார்த்தவர்கள், எந்த ரெசிஸ்டர் மதிப்பு ஒத்துவந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.