பேஸ் கிட்டாருக்கும் ஃபஸ் பெடலுக்கும் இடையே பஃபர் வைத்ததும் ஒலி கெட்டுவிட்டது: உதவி தேவை

ஈசூன்_நான்குதந்தி

அனைவருக்கும் வணக்கம். பேட்டரி இல்லாத, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சாதாரணச் சுருள் பிக்கப்புகள் மட்டுமே கொண்ட நான்கு தந்தி பேஸ் கிட்டார் என்னுடையது. 1966இல் லண்டனில் வெளிவந்த, ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலின் சுற்றைப் பின்பற்றி, இரண்டு பிசி108 சிலிக்கான் டிரான்சிஸ்டர்களை வைத்து நானே ஒரு ஃபஸ் பெடல் செய்திருக்கிறேன். அதன் உள்ளீட்டு மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) மிகக் குறைவு என்பதால் பிக்கப்பின் ஒலி அமுங்கிவிடும் என்று படித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே வைப்பதற்காக 2என்5457 ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்றைக் கொண்டு, பிக்கப்பின் ஒலியை அமுக்காமல் வாங்கிக் குறைந்த மின்மறுப்பில் கடத்தும் ஒரு பஃபரைத் தனிப் பெட்டியில் கட்டினேன். ஜேஃபெட்டின் சோர்ஸ் முனையில் 10 கிலோ ஓம், கேட் முனையில் 1 மெகா ஓம். அந்த 1 மெகா ஓமின் மறுமுனை, இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சேரும் பாதி மின்னழுத்தப் புள்ளியில் இருக்கிறது. பாகங்கள் எல்லாம் இங்கே சிங்கப்பூரில் சிம் லிம் டவரில் வாங்கியவை.

பஃபரை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒலி நன்றாகவே வருகிறது. ஃபஸ்ஸின் முன்னால் வைத்தால்தான் தொல்லை. கீழ் ஈ தந்தியின் கனம் முழுவதும் போய், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற கரகரப்பு மட்டும் மிஞ்சுகிறது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் தெளிந்து வர வேண்டும் அல்லவா? அதுவும் நடப்பதில்லை, ஒலியளவு குறைகிறதே தவிர கரகரப்பு அப்படியே இருக்கிறது. ஃபஸ் குமிழை முழுவதும் திருப்பினால் ஒரு கீச்சொலியும் கிளம்புகிறது.

மின்னழுத்தங்களை அளந்தேன். பேட்டரி 9.2 வோல்ட், பாதிப் புள்ளி 4.6, கேட் 4.2, சோர்ஸ் 5.5. கேட்டில் 0.4 வோல்ட் குறைவதால் ஜேஃபெட் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாலான்புசார்_பட்டறை

தம்பி, ஜேஃபெட்டின் மேல் பழி போட வேண்டாம். டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு உள்ளேயே பொதுவாக 10 மெகா ஓம் தடை இருக்கும். 1 மெகா ஓம் வழியாக வரும் 4.6 வோல்ட்டை அந்த மீட்டரால் அளந்தால், பதினொன்றில் ஒரு பங்கு அந்த ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும், மீதி 4.2தான் திரையில் தெரியும். மீட்டரை எடுத்துவிட்டால் கேட் 4.6இல்தான் இருக்கும். சோர்ஸ் அதைவிட ஒரு வோல்ட் அளவு மேலே இருப்பதும் இந்த ஜேஃபெட்டுக்கு இயல்பானதே. உங்கள் பஃபர் சரியாகத்தான் வேலை செய்கிறது.

அதன் வெளியீட்டில் எத்தனை மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஃபஸ்ஸின் உள்ளீட்டில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீச்சொலிக்கு, பெட்டிக்குள் உள்ளீட்டுக் கம்பியும் வெளியீட்டுக் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

காலாங்_ஒலி

என்னைக் கேட்டால் அந்தப் பஃபரை எடுத்துவிட்டு, கிட்டாரிலிருந்து நேராக ஃபஸ்ஸுக்குச் செல்லுங்கள் என்பேன். ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்று, தனக்கு முன்னால் இருக்கும் பொருளின் மின்மறுப்பையும் தன்னுடைய பாகமாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து முதலாவதன் உள்ளீட்டுக்கு 100 கிலோ ஓம் வழியாகப் பின்னூட்டம் வருகிறது. அந்தப் பின்னூட்டம் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பது, முன்னால் தொடராக எத்தனை ஓம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைக்கும்போது அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாட்டின் (மாறுதடையின்) தடை தொடரில் நுழைந்து, டிரான்சிஸ்டருக்குள் செல்லும் மின்னோட்டம் சட்டென்று குறைவதால்தான் ஒலி தெளிகிறது. பஃபரின் வெளியீட்டில் ஆயிரம் ஓம்கூடத் தேறாது. வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அந்த மதிப்பு மாறாது என்பதால், ஃபஸ்ஸுக்கு முன்னால் இருந்த கட்டுப்பாடே போய்விடுகிறது. மின்மறுப்பைப் பொருத்துகிறேன் என்று பலரும் பஃபரைத்தான் கட்டுகிறார்கள். இந்தச் சுற்றுக்கு அது எதிர்த்திசையில் செய்யும் வேலை.

சிலிக்கானைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஜெர்மேனிய டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய பத்து டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால், குளிர்சாதன அறையில் சரிசெய்துவிட்டு நம் ஊர் வெயிலில் திறந்த மேடையில் வாசித்தால் ஒலி விட்டுவிட்டு வரும்.

ஈசூன்_நான்குதந்தி

இருவருக்கும் நன்றி. பஃபரின் வெளியீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட், ஃபஸ்ஸின் உள்ளீட்டில் 2.2 மைக்ரோ ஃபாரட். கம்பிகள் நீங்கள் சொன்னபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் ஓடுகின்றன. அவற்றைப் பிரித்து, உள்ளீட்டுக்குக் கவசக் கம்பி போட்டதும் கீச்சொலி நின்றுவிட்டது.

நேராக இணைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அண்ணா. சமூக மன்ற மேடைகளில் எங்கள் குழுவினர் எல்லோரும் வயர்லெஸ் கருவியைப் பயன்படுத்துகிறோம். அதன் ரிசீவரிலிருந்து வரும் ஒலியும் குறைந்த மின்மறுப்பு உடையதுதானே? அப்படியென்றால் பஃபரை எடுத்துவிட்டாலும் அதே நிலைதான் வரும். மேலும், ஃபஸ்ஸோடு சுத்தமான ஒலியையும் கலந்து வாசிக்க விரும்புகிறேன். பேஸுக்கு அது இல்லாமல் சரிப்படவில்லை.

ஜாலான்புசார்_பட்டறை

இப்போது படம் தெளிவாகிவிட்டது. கீழ் ஈ தந்தியை விழுங்குவது அந்த 0.1 மைக்ரோ ஃபாரட்தான். ஃபஸ்ஸின் உள்ளீட்டைச் சுமார் பத்தாயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டு, பஃபரின் வெளியீட்டையும் அதோடு கூட்டிக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்குகிறது. கீழ் ஈ 41.2 ஹெர்ட்ஸ், அந்த இடத்தில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் உள்ளே போகும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு ஒரு மெகா ஓம் அளவில் இருப்பதால் அங்கே இதே கெபாசிட்டர் எதையும் வெட்டுவதில்லை. பஃபர் தனியாக நன்றாக ஒலித்ததன் காரணம் அதுதான். அதை 10 மைக்ரோ ஃபாரட் ஆக்குங்கள். நேர்முனை சோர்ஸ் பக்கம் இருக்கட்டும். ஃபஸ்ஸின் வெளியீட்டில் மூலச் சுற்றின்படி 0.01 மைக்ரோ ஃபாரட் வைத்திருந்தால், அதையும் 0.1 ஆக்கிவிடுங்கள். அந்த மதிப்பு சாதாரண கிட்டாரை மனத்தில் வைத்து இடப்பட்டது.

அடுத்தது ஃபஸ்ஸின் போக்கு. ரிசீவர் ஏற்கெனவே ஒரு பஃபர் என்று நீங்கள் சொல்வது சரி. ஆகவே இழந்த மின்மறுப்பைத் திரும்பக் கொடுக்கும் பெட்டிதான் உங்களுக்குத் தேவை. ஒரு பேஸ் பிக்கப்பில் ஏழெட்டுக் கிலோ ஓம் தடையும் சில ஹென்றி தூண்டலும் இருக்கும். அதே பெட்டியில், பஃபரின் வெளியீட்டுக்குப் பிறகு தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு 50 கிலோ ஓம் பாட் ஒன்று, பிறகு சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் முதன்மைச் சுருள். பழைய டிரான்சிஸ்டர் வானொலிகளில் இருக்குமே, அந்த வகைதான். ஒரு ஹென்றிக்கு மேல் அளவு காட்டினால் போதும். துணைச் சுருளை எதனோடும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். ரிசீவரில் வால்யூமைக் குறைப்பதால் ஒலி தெளியப் போவதில்லை. அந்த வேலையை இந்த 50 கிலோ ஓம் பாட்தான் செய்யும். கைக்கு எட்டும் இடத்தில் அதைப் பொருத்துங்கள்.

சுத்தமான ஒலிக்கான கிளையை, தொடர் ரெசிஸ்டருக்கு முன்னால், பஃபரின் வெளியீட்டிலிருந்தே பிரியுங்கள். உங்கள் ஜேஃபெட்டுக்கு உண்மையான வேலை அங்கேதான். ஃபஸ்ஸின் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒவ்வொரு முறை அலையைத் தலைகீழாக்குவதால் முடிவில் அது நேராகவே வெளிவரும். கலக்கும்போது தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாது. ஏதாவது ஒரு கிளையில் மட்டும் பிறகு ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கி சேர்த்தீர்களானால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

ஈசூன்_நான்குதந்தி

கெபாசிட்டர்கள் இரண்டையும் மாற்றியதும் கீழ் ஈ திரும்பிவிட்டது. பாட்டைத் திருப்பினால் ஃபஸ் படிப்படியாகத் தெளிகிறது. கம்பியில் நேராக இணைத்து வாசித்ததற்கும் இதற்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதிக வேறுபாடு தெரியவில்லை. கலவையும் நன்றாக இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்ததிலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. பேட்டரியில் ஓட்டினாலும் போகவில்லை.

காலாங்_ஒலி

அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். அந்தச் சுருள் காந்தப் புலத்தைப் பிடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் மின்வழங்கியின் டிரான்ஸ்ஃபார்மரே பெரும்பாலும் காரணம். பெட்டி அலுமினியம் என்றால் இந்த வகைப் புலத்தை அது தடுக்காது. பெட்டியைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி டிரான்ஸ்ஃபார்மரை உள்ளே திருப்பி ஒட்டிவிட்டு, மின்வழங்கியைப் பெடல் பலகையின் மறுகோடிக்கு நகர்த்துங்கள்.

அப்படியும் அடங்காவிட்டால் சுருளை எடுத்துவிட்டு ரெசிஸ்டரையும் பாட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். தெளியும் தன்மை பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வருகிறது. சுருள் செய்வதெல்லாம் மேல் சுருதியின் கூர்மையை மழுக்குவதுதான். அந்தக் கூர்மை காதை உறுத்தினால், ஃபஸ்ஸின் முதல் டிரான்சிஸ்டரில் கலெக்டர் முனைக்கும் பேஸ் (base) முனைக்கும் இடையே 100 பிக்கோ ஃபாரட் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.