2.5 விகோவுக்கு சிப், இன்டேக், பெரிய சைலன்சர் பூட்டினால் உண்மையாகவே இழுவை கூடுமா?

வாழைச்சேனை மீன் கெப்:

வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் விகோ கெப், 2.5 டி4டி டீசல். இன்டர்கூலர், அதாவது டேர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிற காற்றைக் குளிர்த்துகிற பகுதி, இதில் இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றி, செங்கலடி வழியாகப் பதுளைக்குப் போவேன். றெஜிபோம் பெட்டி, ஐஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்குக் கிட்ட வரும். திரும்பி வரும்போது மரக்கறி.

மகா ஓயா, பிபிலை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் மூன்றாம் கியர் தாங்குவதில்லை, இரண்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முந்தி அதே ஏற்றத்தை மூன்றிலேயே ஏறிய வண்டி இது. ஐஸ் கரைவதற்கு முதல் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மீனின் விலை இறங்கிவிடும், அதனால் இது எனக்குச் சின்ன விசயம் இல்லை.

கொழும்பில் ஒரு கடையில் சிப் பெட்டி, கோல்ட் எயார் இன்டேக் (குளிர்ந்த காற்றை இழுக்கும் என்று விற்கிற பில்டர்), பெரிய குழாய் சைலன்சர் மூன்றையும் ஒரே செட்டாகத் தருகிறார்கள். 30 குதிரைவலு கூடும் என்கிறார்கள். விலை இரண்டு இலட்சத்துக்கு மேல். போன வருடம் டயரும் அலாய் வீலும் மாற்றியதைத் தவிர வண்டியில் நான் எதையும் தொடவில்லை. பூட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று 3.0:

தம்பி, என்னுடையது 3.0 விகோ, இன்டர்கூலர் இருக்கிறது. பெட்டி இல்லை, இசியூவையே, அதாவது இன்ஜினை நடத்துகிற கணினியையே, ரீமெப் செய்து (உள்ளே இருக்கிற கணக்கை மாற்றி எழுதி) ஓடுகிறேன். இழுவை கூடியது நிச்சயம். சியம்பலாண்டுவ தாண்டி மொனராகலைக்குப் போகும்போது நன்றாகவே தெரியும். அப்புறம் கிளச் பிளேட் வழுக்கத் தொடங்கியது, கனமான செட் ஒன்று போட்டேன். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். சைலன்சரும் மாற்றினேன். சத்தம் கூடியது, ஏற்றத்தில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

களுவாஞ்சிக்குடி டீசல் கராஜ்:

தம்பி, அந்த மூன்றில் உண்மையாக வலுவைக் கூட்டக்கூடியது சிப் பெட்டி ஒன்றுதான். உங்கள் வண்டிக்கு நான் வேண்டாம் என்று சொல்வதும் அதைத்தான்.

டீசல் இன்ஜினில் வலு கூட வேண்டுமென்றால் டீசலும் அதை எரிக்கிற காற்றும் சேர்ந்து கூட வேண்டும். இந்தப் பெட்டி, ரெயிலில், அதாவது நொசில்களுக்கு டீசல் கொடுக்கிற குழாயில், இருக்கிற அழுத்தத்தைப் பார்க்கிற சென்சருக்கும் இசியூவுக்கும் நடுவில் இருந்துகொண்டு, அழுத்தம் குறைவு என்று பொய்க் கணக்குக் காட்டும். இசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். டீசலைப் பீச்சுகிற நொசில் அதே அளவு நேரம் திறந்தாலும் கூடுதல் டீசல் உள்ளே போகும், காற்று அந்த அளவுக்குக் கூடாது. மிஞ்சுவது கரும்புகையும் சூடும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

புகையைவிட எனக்குப் பயம் சூடுதான். சுமையோடு நீண்ட ஏற்றத்தில் சைலன்சருக்குப் போகிற வாயு 700 பாகை செல்சியஸைத் தாண்டலாம். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். பிஸ்டன் தப்புவது அடியிலிருந்து எண்ணெய் பீச்சிக் குளிர்த்துவதாலும், அந்தச் சூடு விட்டு விட்டுப் படுவதாலும்தான். வெறும் வண்டியோடு கல்லடிப் பாலத்தில் ஒரு நிமிடம் மிதிப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு டன்னோடு லுணுகலையிலிருந்து பசறை வரைக்கும் காலை எடுக்காமல் மிதிப்பவருடைய இன்ஜின் வேறு கதை.

கொம்பனியே இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். உங்கள் இன்ஜின் 2கேடி, 2494 சிசி. இன்டர்கூலர் இல்லாமல் வந்தபோது 102 குதிரைவலு, 260 நியூட்டன் மீற்றர் முறுக்கு. இன்டர்கூலர் சேர்த்து 120 ஆக்கினார்கள். பிறகு இறக்கை அசைகிற டேர்போவும் போட்டு 144 வரைக்கும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தரமும் காற்றைக் குளிர்த்தியும் கூட்டியும்தான் வலு வந்தது. உங்களிடம் காற்றைக் குளிர்த்த ஒன்றுமே இல்லை, அதிலே டீசலை மட்டும் கூட்டச் சொல்கிறார்கள். அக்கரைப்பற்றுக் காக்காவுடைய 3.0 தாங்குகிறது என்றால் அதில் இன்டர்கூலர் இருக்கிறது, செய்தது முறையான ரீமெப்.

இன்டேக்கைப் பற்றி அதிகம் கதைக்கத் தேவையில்லை. ஒரிஜினல் பெட்டியே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. கடைகளில் விற்கிற திறந்த பில்டர் பொனட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றை இழுக்கும். படுவான்கரையில் நெல் வெட்டுக் காலத்துத் தூசி எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரிஜினல் பில்டரைப் புதிதாகப் போடுங்கள், அது போதும்.

முந்தி ஏறிய வண்டி இப்போது ஏறவில்லை என்றால், இருந்த வலு எங்கேயோ போகிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. டீசல் பில்டரை மாற்றுங்கள். டேர்போவிலிருந்து போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி, வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்று உள்ளே போகிற மெனிபோல்டைத் திறந்தால் கரியும் எண்ணெயும் சேர்ந்து களியாகப் பிடித்திருக்கலாம். இந்த இன்ஜின்களில் அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நொசில் திரும்ப விடுகிற டீசலை அளக்கச் சொல்லுங்கள். நொசிலின் அடி வாஷரையும் விடாதீர்கள். அது கசிந்தால் கரி இன்ஜின் எண்ணெயில் இறங்கி, எண்ணெய் இழுக்கிற சல்லடையை அடைக்கும், பிறகு எண்ணெய் இல்லாமல் இன்ஜின் இறுகி நின்றுவிடும். சக்கரம் நாலையும் ஜக்கில் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் பிரேக் இறுகி நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

போகிற போக்கில் டயர் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய அளவு என்ன, புது அளவு என்ன?

ஏறாவூர் வாசகர்:

சிகரெட் லைட்டரில் குத்துகிற டீசல் சேவர் ஒன்றும் விற்கிறார்களே, அதுவும் இழுவை கூட்டுமாமே?

களுவாஞ்சிக்குடி டீசல் கராஜ்:

அதற்குள் இருப்பது ஒரு சின்ன லைட்டும் ஒரு கப்பாசிட்டரும். இன்ஜினுக்கு அது இருப்பதே தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்ற நூற்றுக்கு மேற்பட்ட பொருட்களைச் சோதித்தது. மிகச் சிலவற்றில்தான் கொஞ்சமாவது பலன் இருந்தது. வாங்க வேண்டாம்.

வாழைச்சேனை மீன் கெப்:

நன்றி அண்ணன், காக்காவுக்கும் நன்றி. பழையது 205 ஆர் 16. இப்போது 265/75 ஆர் 16. பள்ளத்துக்கு நல்லது என்று சொன்னதால் போட்டேன்.

களுவாஞ்சிக்குடி டீசல் கராஜ்:

அப்படியா, இதைத்தான் கேட்டேன். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 73.5 சென்ரிமீற்றர், புதியது 80 சென்ரிமீற்றர். சக்கரம் 9 சதவீதம் பெரிதாகிவிட்டது. எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது. 260 நியூட்டன் மீற்றர் இருந்த வண்டியை 240-க்கும் கீழே இறக்கிவிட்ட மாதிரித்தான் ரோட்டில் தெரியும். டயரின் பாரமும் கூடியிருக்கிறது. மீற்றரில் 60 காட்டினால் உண்மையில் 65-க்குக் கிட்ட ஓடுகிறீர்கள், அதையும் மனதில் வைத்திருங்கள்.

உடனே டயரை விற்க வேண்டாம். யாரிடமாவது பழைய 205 சக்கரம் நாலு இரவல் வாங்குங்கள், ரிம்மோடு. சுமை ஏற்றாமல் கரடியனாறு பக்கத்து நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் 40-இலிருந்து 70 வரைக்கும் முழு மிதி. பக்கத்தில் ஒருவரை வைத்து போனில் நேரம் எடுங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், மீற்றரை நம்ப வேண்டாம். காற்றடிக்கிற திசை கணக்கைக் கெடுக்காமல் இருக்க, போகும்போதும் வரும்போதும் நேரம் எடுக்க வேண்டும். இரண்டு செட் சக்கரத்துக்கும் வந்த நேரத்தை இங்கே போடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் டயரை மாற்றுவோம். சின்னதாக இருந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள், முதலில் அந்த ஹோஸைக் கழற்றுவோம்.