புதுப்பிப்பு: மொய் நோட்டும் பெரியப்பாவும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, பெரியப்பா பேத்தி காதுகுத்து விஷயம். "மொய் எழுதாம பந்தியில உக்காந்துட்டான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். நான் 5,001 எழுதியிருந்தேன். பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன்.

"இனி அந்த வாசப்படி மிதிக்காதே" என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஒருவர் மட்டும் கிளாடிஸ் ஸ்டெயின்ஸை நினைவூட்டினார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தவர்களை மன்னித்ததாகச் சொன்னவர். பாரிபாதா தொழுநோய் இல்லப் பணியையும் விடவில்லை. வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது. அந்தத் துக்கத்துக்குப் பக்கத்தில் என் பந்திச் சண்டையை வைக்கவே கூச்சம். ஆனால் மன்னிப்பது வேறு, நடந்ததை மூடி மறைப்பது வேறு என்பது மனதில் தங்கிவிட்டது.

முதல் வாரம் போயிருந்தால் கத்தியிருப்பேன். மூன்று வாரம் ஆறப்போட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். "பெரியப்பா, அன்னிக்கு நீங்க சொன்னது ரொம்ப வலிச்சுது. நோட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

நோட்டு இரண்டு இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் வைத்திருந்ததில் என் பெயர், இனிஷியல் தப்பாக. (எழுதியது யாரோ பொடியன். கையெழுத்து கோழிக் கிறுக்கல்.)

மன்னிப்பு ஏதும் அவர் கேட்கவில்லை. 74 வயது, கேட்டுப் பழக்கமும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "இவனுக்கு இலை போடு" என்றார். இந்த முறை பாயசம் வரை இருந்தேன்.