மாமா தனியாக இருக்க முடியுமா என்று பார்க்க வந்தபோது

பக்கவாதத்துக்குப் பிறகு மாமா நன்றாகவே தேறிவிட்டார். நடை, குளியல், சாப்பாடு, கழிவறை எல்லாம் அவரே. இந்த அன்றாட வேலைகளுக்கு மார்க் போடும் பார்தெல் அளவுகோலில் 100-க்கு 100. "அப்புறம் என்ன, தனியா இருந்துக்குவார்" என்று அவர் மகன் முடிவே கட்டிவிட்டான்.

அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று பார்த்து உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார், அவர் அப்படி விடவில்லை. அந்த 100, உடம்பைக் கவனிக்க ஆள் வேண்டாம் என்பதற்குத்தான், தனியாக வாழலாம் என்பதற்கில்லை என்றார். 1965-ல் அந்த அளவுகோலை வெளியிட்டவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். தெரபிஸ்ட் எடுத்தது, தனியாக வாழத் தேவையான வேலைகளைப் பார்க்க லாட்டனும் பிராடியும் 1969-ல் வெளியிட்ட பட்டியல்: போன், கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து, பணம் என்று 8. முன்பெல்லாம் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு 5-க்குத்தான் மார்க்காம். "நல்லா இருக்கே கதை!" என்றார் அம்மா.

எது கேட்டாலும் மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். "அவரே சொல்லட்டும் சார்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கேள்வியையே நிறுத்திவிட்டார் அந்தப் பெண். மாத்திரைகளை மேஜையில் கொட்டி, "நாளைக்கு உண்டானதை டப்பாவில் போடுங்க" என்றார். மாமா அட்டையில் இருந்த பெயர்களைப் பிசகில்லாமல் படித்தார். ஆனால் ராத்திரி மாத்திரை காலைக் கட்டத்தில் விழுந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன், கையமர்த்தினார்.

"காலையில போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா?"

"இன்னொன்னு போட்டுக்குவேன்."

மகன் முகத்தைப் பார்க்கணுமே.

போனும் பணமும் சிக்கலில்லை. சில்லறையை எங்களைவிட வேகமாக எண்ணினார். அடுப்பில் வெந்நீர் வைத்தவர் அணைக்க மறந்தார், ஒருமுறை ஞாபகப்படுத்தியதும் அணைத்தார். அதைத் "தெரியாது" என்று எழுதாமல் "நினைவூட்டினால் செய்வார்" என்று குறித்ததுதான் எனக்குப் பிடித்தது. மார்க்கைவிட அந்த ஒரு வரிதான் பிறகு எங்களுக்கு உதவியது.

இப்போது வாரம் ஒருமுறை அம்மா டப்பாவை நிரப்புகிறார், வேளைக்கு அலாரம் அடிக்கிறது, அடுப்பு தானாக அணைகிற வகைக்கு மாறிவிட்டது. மாமா அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது பார்க்க வந்தால், அவரவர் புழங்குகிற அடுப்படியிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். முடிந்தால் சாயங்காலம், களைத்திருக்கும் நேரத்தில் ஒருமுறை. காலையில் பார்த்திருந்தால் மாமா எல்லாவற்றிலும் பாஸாகியிருப்பார் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.