எனக்கெப்படீங்க ஒய் வெளிச்சம் வந்துது? குரோமோசோம் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவங்க சொல்லுங்க

கோபிக்காரி:
ரெண்டு தடவை கரு கலைஞ்சுதுங்க. பொறவு எங்க ரெண்டு பேருக்கும் குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. அவருக்கு எல்லாம் சரி. எனக்கு 15-ஆம் குரோமோசோமோட குட்டைக்கை (இடுப்புக்கு மேல இருக்கற சின்னப் பக்கம்) சித்தெ நீளம், ஃபிஷ் (குரோமோசோம்ல நிறம் ஒட்டிப் பாக்கற டெஸ்ட்) பண்ணிப் பாக்கணும்னு வந்துது. பண்ணினோம். அந்த நீட்டத்துல ஒய் குரோமோசோமுக்கான புரோப் (நிறம் ஏத்தின டிஎன்ஏ துண்டு) ஒட்டி மின்னுதுன்னு ரிப்போர்ட்.

அதைப் படிச்ச டாக்டர் ஒருத்தர், "ஆம்பளை குரோமோசோம் கலந்திருக்கும் போல"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டார். அன்னைக்கு பஸ்ஸுல ஊர் வந்து சேர்ந்ததே நினைவில்லை. மாமியாகிட்ட வாயே தொறக்கலை.

பொறவு கோயமுத்தூர்ல மரபணு ஆலோசனை சொல்ற அம்மா ஒருத்தங்கதான் நிதானமா விளக்குனாங்க. ஒய்யோட நீளக்கையில பெரும்பகுதி ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏ. எந்தத் தலைமுறையிலயோ அதுல ஒரு துண்டு 15-ஓட நுனியில ஒட்டி, அப்படியே வம்சத்துல இறங்கிட்டிருக்கு. ஆம்பளையாக்குற எஸ்ஆர்ஒய் ஜீன் இருக்கறது ஒய்யோட குட்டைக்கையில. அதுக்குத் தனி புரோப் போட்டாங்க, எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி விட்ட நேரம். நடவை விட்டுட்டு, "இந்த வயசுல எனக்கெதுக்கு கண்ணு ரத்தம்"னு முனகிக்கிட்டேதான் வந்தார். அவர் செல்லுல அந்த நிறம் ரெண்டு இடத்துல மின்னுச்சு: ஒண்ணு அவரோட ஒய், இன்னொண்ணு 15. மூணு புள்ளைங்க பெத்து, பேரன் பேத்தி எடுத்த மனுசன்.

லேப்காரன், கோவை:
அம்மிணி, இது எங்களுக்குப் பழகின வெசயம். 1970 வாக்குல, மலேரியாவுக்குக் குடுத்த குயினாக்ரின் மருந்தையே சாயமாப் போட்டு ஒய்யோட அந்தப் பகுதி பளபளக்கறதைப் பார்த்தாங்க. இப்ப வேணுங்கற இடத்துக்கு மட்டும் போய் ஒட்டுற டிஎன்ஏ துண்டுல நிறம் ஏத்தி வெச்சிருக்கோம். சிலைடைச் சூடாக்கி இழையைப் பிரிச்சு, ராத்திரி பூரா 37 டிகிரியில வெச்சு, கழுவி, இருட்டறையில பாப்போம். குரோமோசோம் நீலமா, புரோப் பச்சையோ சிவப்போ புள்ளியாத் தெரியும்.

என் கதை ஒண்ணு. புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப ஒருத்தருக்கு 18-ஓட சென்ட்ரோமியருக்கு, அதாவது குரோமோசோமோட இடுப்புக்கு, புரோப் போட்டேன். செல்லுக்குச் செல் ஒரே புள்ளி. ஒரு 18 இல்லைன்னு எழுதிட்டேன். மேடம் திட்டலை. "பிரிஞ்ச குரோமோசோமை எண்ணிப் பாரு"ன்னாங்க. பார்த்தா 18 ரெண்டும் குத்துக்கல்லாட்ட இருக்கு! அந்த இடத்துல 171 எழுத்து நீளத் துண்டு ஆயிரக்கணக்குல அடுக்கியிருக்கும். எத்தனைங்கறது ஆளுக்கு ஆள் மாறும். அவருக்கு ஒண்ணுல அடுக்கு ரொம்பக் கம்மி, வெளிச்சம் கண்ணுக்கு எட்டலை. புள்ளியை மட்டும் நம்பினா இப்படித்தான் ஏமாறணும். 13, 21 ரெண்டுக்கும் சென்ட்ரோமியர் புரோப் பிரிச்சே காட்டாது, அத்தனை ஒத்துப்போகும். அதனாலதான் டவுன் சின்ட்ரோமுக்கு 21-ஓட நீளக்கையில வேற இடத்தைப் பாக்கறோம்.

தாராபுரத்து மாப்பிள்ளை:
எனக்கு 9-ஆவது குரோமோசோம்ல ஒரு துண்டு தலைகீழாத் திரும்பியிருக்குன்னு வந்துது. நூத்துல ஒண்ணுல இருந்து மூணு பேருக்கு இருக்குமாமே. சரி போகட்டும்னு விட்டா, வூட்டுக்காரிக்கும் அதே! நான் கட்டினது மாமன் பொண்ணு. எனக்கு அப்புச்சி (அம்மாவோட அப்பா), அவளுக்கு அப்பாரு (அப்பாவோட அப்பா), ஆளு ஒண்ணுதான். அவருகிட்ட இருந்து ரெண்டு பக்கமும் வந்திருக்கும்னு நினைக்கறோம். பையனுக்கு 9 ரெண்டுமே திரும்பித்தான் இருக்கு. அவன் இப்ப கிணத்துல குதிச்சுட்டு இருக்கான்.

லேப்காரன், கோவை:
பையனுக்குக் குறையில்லீங்க. ஆனா இதை வெச்சு சொந்தத்துல கட்டறதுல பயமே இல்லைன்னு எடுத்துக்காதீங்க. ஒளிஞ்சிருக்கற ஜீன் கோளாறு குரோமோசோம் படத்துல தெரியாது, அது வேற கணக்கு.

காங்கேயத்தான்:
என் ரிப்போர்ட்ல ஒய் நீளம்னு போட்டிருந்தாங்க. அப்பாவுக்கும் அதே நீளம். எங்க கூட்டம் (குலம்) மாதிரியே அப்பன்கிட்ட இருந்து பையனுக்கு வருதுன்னு சொல்லிச் சிரிச்சுட்டு விட்டுட்டோம்.

கோபிக்காரி:
கரு ஏன் கலைஞ்சுதுன்னு இன்னும் வேற பக்கம் தேடிட்டுதானுங்க இருக்கோம். என் தங்கச்சி இப்ப முழுகாம இருக்கா. அவளுக்கு ஏதாவது டெஸ்ட் எடுத்தா லேப்ல யாரும் மிரளக் கூடாதுன்னு என் ரிப்போர்ட் நகல் ஒண்ணை அவ ஃபைல்ல வெச்சிருக்கேன். அப்பா கேட்டது வேற. அந்த ரெண்டு புள்ளி மின்னுற படத்தை பிரிண்ட் போட்டு வாங்கி, பட்டா சிட்டா வெச்சிருக்கற டிரங்குப் பெட்டியில பத்திரப்படுத்திட்டார்.