அக்கின்டோலா: 1962 பதவி நீக்கம் செல்லுமா, செல்லாதா? ககன்ஃபோ பட்டம் எந்த வகை?

வாசுகி_தொகுப்பு:
நைஜீரியாவின் மேற்குப் பிராந்தியத்தில் பிரீமியராக (பிராந்திய அரசின் தலைவராக) இருந்த சாமுவேல் லடோகே அக்கின்டோலா பற்றி விக்கிப்பீடியா கட்டுரை ஒன்று தயாராகிறது. பிறப்பு 1910, ஒக்போமோஷோ. ஆசிரியர், 'டெய்லி சர்வீஸ்' ஆசிரியர், வழக்கறிஞர் என்பது வரை சிக்கலில்லை. 1962 மே மாதம் ஆளுநர் அவரை நீக்கினார். நாட்டின் உச்ச நீதிமன்றம் "செல்லாது" என்றது, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் "செல்லும்" என்றது. கடைசித் தீர்ப்பில் தோற்றவர் 1966 வரை எப்படிப் பதவியில் இருந்தார்? இன்னொன்று: ஆரே ஓனா ககன்ஃபோ என்ற பட்டத்தை அரசுப் பதவிகளோடு சேர்த்துப் போடலாமா? பதவிக்காலத்தை எப்படிக் குறிப்பது என்பதும் குழப்பம்.

சட்டப்புள்ளி:
முதலில் பிரிவைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். மேற்கு நைஜீரிய அரசியலமைப்பின் 33(10): பிரீமியருக்கு சட்டமன்றப் பெரும்பான்மையின் ஆதரவு இல்லை என்று ஆளுநருக்குத் தோன்றினால் ஒழிய அவரை நீக்கக் கூடாது. "அவருக்குத் தோன்றினால்" என்பதுதான் வழக்கின் உயிர்.

மன்றத்தில் 124 பேர். 66 பேர் கையெழுத்திட்ட கடிதம் ஆளுநர் அடெசோஜி அடெரெமியிடம் போனது. 63 இருந்தாலே போதும். மே 21 அன்று அவர் அக்கின்டோலாவை நீக்கி டவுடா அடெக்பென்ரோவை நியமித்தார். மன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அக்கின்டோலா வழக்குப் போட்டதும் இதை வைத்துத்தான்.

கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ஜூலையில் சொன்னது: ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பதை மன்றத்துக்குள் விழும் வாக்கு மட்டுமே காட்டும். பிரிட்டிஷ் மரபைத்தான் அளவுகோலாக எடுத்தார்கள். நீதிபதி பிரெட் மட்டும் மாறுபட்டார். அடெக்பென்ரோ மேல்முறையீடு செய்ய, 1963 மே மாதம் பிரிவி கவுன்சில் இதைத் தலைகீழாக்கியது. ரேட்கிளிஃப் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம்: எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கும்போது அதன் சொற்களைத்தான் படிக்க வேண்டும், ஆளுநர் எந்த ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வரலாம் என்று அந்தப் பிரிவு வேலி போடவில்லை. வாக்கெடுப்பை வைத்து முடிவெடுப்பதே நல்லது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் நல்லது வேறு, கட்டாயம் வேறு.

அப்புறம் எப்படிப் பதவியில் நீடித்தார்? 1963 ஜனவரியிலேயே அவர் பிரீமியராகத் திரும்பியிருந்தார். தீர்ப்பு வந்த கையோடு பிராந்திய மன்றம் அதே பிரிவைத் திருத்தியது, அதுவும் முன்தேதியிட்டு, 1960இலிருந்தே அமலில் இருந்ததுபோல. வாக்கெடுப்பு கட்டாயமாகிவிட்டது, அடெக்பென்ரோவின் வெற்றி காகிதத்தோடு நின்றது. 1963 அக்டோபர் 1 அன்று நாடு குடியரசானதும் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியும் அடைபட்டது. ஆகவே "பிரிவி கவுன்சிலில் தோற்றார்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பல கட்டுரைகள் சறுக்கும் இடம் இதுதான்.

வழக்கு நைஜீரியாவோடு முடியவில்லை. மலேசியாவில் 1966 சரவாக் மாநில முதல்வர் நீக்க வழக்கிலும், 2009இல் தொடங்கிய பேராக் மாநில நெருக்கடியிலும் இதே அடெக்பென்ரோ வழக்கை வைத்து வாதாடினார்கள். சரவாக்கில் நீதிமன்றம் அதைப் பின்பற்ற மறுத்தது. பேராக்கில் மன்ற வாக்கெடுப்புதான் ஒரே வழி என்பதை நாட்டின் உச்ச அமர்வு ஏற்கவில்லை.

பட்டயம்:
பட்டத்தைத் தகவல் பெட்டியில் அரசுப் பதவி வரிசையில் போடாதீங்க. தனித் தலைப்பு கொடுங்க.

ஆரே ஓனா ககன்ஃபோ என்பது பழைய ஓயோ பேரரசின் படைத்தலைவர் பட்டம். கொடுப்பவர் ஓயோவின் அரசர் அலாஃபின். சம்பளமோ இலாகாவோ மன்ற இருக்கையோ அதோடு வராது. அந்தப் பகுதி மக்களான யொருபாக்களின் வாய்மொழி வரலாறு சொல்லும் சடங்கு கொஞ்சம் கடுமையானது: தலையின் பின்புறம் 201 சிறு கீறல்கள், அவற்றில் 201 வகை மருந்துகளைத் தேய்ப்பது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரசர் காட்டும் இடத்துக்குப் போர் தொடுக்கணும், மூன்று மாதத்தில் வென்று திரும்பணும் இல்லையேல் பிணமாக வரணும். அலாஃபின் இருக்கும் ஊரில் ககன்ஃபோ குடியிருக்கக் கூடாது. படை வைத்திருப்பவனை அரண்மனைக்குப் பக்கத்தில் விடுவானேன்! இலோரினில் இருந்த அஃபோன்ஜா என்ற ககன்ஃபோ அலாஃபினையே எதிர்த்துக் கிளம்பியதும் வரலாற்றில் உண்டு.

12ஆவது ககன்ஃபோவான இபாடானின் லடோசா 1885இல் போர்முகாமில் இறந்தார். அதற்குப் பிறகு பட்டம் காலியாகவே கிடந்தது. 1964இல் அக்கின்டோலா 13ஆவது. அப்போது போருமில்லை, ஓயோ படையுமில்லை. அவர் ஊரான ஒக்போமோஷோவிலிருந்து டோயெஜே, அவர் மகன் அபுருமாகு என்று இருவர் ஏற்கெனவே ககன்ஃபோவாக இருந்திருக்கிறார்கள். அபுருமாகுவுக்குப் போரே கிடைக்காததால் சொந்த ஊரிலேயே கலகத்தை மூட்டிவிட்டு அவரே அடக்கினாராம்.

"சாபம் பிடித்த பட்டம்" என்ற பேச்சை மட்டும் விட்டுடுங்க. 14ஆவது, தேர்தலில் வென்றும் சிறைப்பட்ட அபியோலா 1998இல் காவலிலேயே இறந்ததால் அது வலுத்தது. 15ஆவதான கானி ஆடம்ஸ் 2018இல் பட்டமேற்றார்.

ஒரு கொசுறு: அவரை நீக்கிய ஆளுநர் அடெரெமியும் பாரம்பரியக்காரர்தான். ஆனால் வெறும் கௌரவப் பட்டம் வைத்திருப்பவர் இல்லை, இஃபேயின் ஊனி, அதாவது முடிசூடிய அரசர். இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இபாடான்_சாலை:
சட்டப்புள்ளி ஐயா சொன்னது சரி, ஆனால் அரசியல் வேர் அதில் இல்லை. 1959 டிசம்பரில் ஆக்‌ஷன் குரூப் தலைவர் அவோலோவோ கூட்டாட்சி எதிர்க்கட்சித் தலைவராக லாகோஸ் போனார். துணைத் தலைவர் அக்கின்டோலா பிராந்தியத் தலைநகர் இபாடானில் பிரீமியர் ஆனார். கட்சி ஒருவர் கையில், கஜானா இன்னொருவர் கையில். முக்கிய முடிவுகளில் கட்சித் தலைவரைக் கேட்க வேண்டுமா என்பதிலேயே உரசல் ஆரம்பம். மத்தியில் ஆளும் வடக்குக் கட்சியோடு ஒத்துப்போகலாம் என்றார் அக்கின்டோலா, அவோலோவோ ஒப்பவில்லை. 1962 பிப்ரவரி ஜோஸ் மாநாட்டில் பிளவு அம்பலமானது.

மே 25 அன்று மன்றம் கூடியபோது ஒரு உறுப்பினர் மேசைமேல் ஏறிக் கத்தினார், நாற்காலி பறந்தது, செங்கோலும் உடைந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. இதையே காரணமாக்கி கூட்டாட்சிப் பிரதமர் பலேவாவின் அரசு மே 29 அன்று ஆறு மாத நெருக்கடி நிலையைக் கொண்டுவந்து, மருத்துவர் மஜெகொடுன்மியை நிர்வாகியாக வைத்தது. என் பார்வையில் அக்கின்டோலாவைக் காப்பாற்றியது அந்த ஆறு மாதம்தான். அடெக்பென்ரோ மன்றத்தில் பலம் காட்ட வாய்ப்பே இல்லாமல் போனது.

வாசுகி_தொகுப்பு:
நன்றி, மூவருக்கும். அப்படியானால் பதவிக்காலம்: 1959 டிசம்பர் – 1966 ஜனவரி என ஒரே வரியா?

சட்டப்புள்ளி:
இரண்டு வரி போடுங்கள். 1959 டிசம்பர் முதல் 1962 மே வரை ஒன்று. 1963 ஜனவரி 1 முதல் 1966 ஜனவரி 15 அன்று இபாடானில் ராணுவக் கலகக்காரர்கள் அவரைக் கொல்லும்வரை இன்னொன்று. இடைவெளியில் மஜெகொடுன்மி பெயர் 'நிர்வாகி' என்று வர வேண்டும், பிரீமியர் என்றல்ல. அடெக்பென்ரோவை 'போட்டி நியமனம், 1962 மே' என்று அடிக்குறிப்பில் சேருங்கள். கட்சிப் பெயரிலும் கவனம்: முதல் வரிக்கு ஆக்‌ஷன் குரூப், இரண்டாவது வரிக்கு முதலில் யுனைடெட் பீப்பிள்ஸ் பார்ட்டி, 1964இலிருந்து நைஜீரியன் நேஷனல் டெமாக்ரடிக் பார்ட்டி.