சீன வெள்ளைத் தேநீர்: குடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபூஜோவாசி

ஃபூஜியன் மாகாணத்து ஃபூஜோ நகரில் நானும் மனைவியும் நான்கு வருடமாக இருக்கிறோம். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் ‘பாய் ச்சா’ என்று வெள்ளைத் தேநீரை ஊற்றிக் கொடுத்து, உடம்புக்கு நல்லது என்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு நல்ல அனுபவமும் உண்டு, ஒரு கசப்பான அனுபவமும் உண்டு.

நல்லதை முதலில் சொல்கிறேன். போன மார்ச் கடைசியில், முன்னோர் கல்லறையை வணங்கும் சிங்மிங் விடுமுறைக்குச் சில நாள் முன்பு, கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் ஊரான ஃபூதிங்குக்கு எங்களை அழைத்துப் போனார். வெள்ளைத் தேயிலையின் தாய்வீடு அதுதான்; இன்னொன்று ஜெங்ஹெ. அவர்கள் வீடு தியன்தோவ் பக்கம். விடிந்ததும் விடியாததுமாகச் சந்தையில் பச்சை மொட்டு கூடை கூடையாக வந்து இறங்குகிறது. ஒவ்வொரு மொட்டின் மேலும் வெள்ளை வெளேரென்று பூனைமயிர். வெள்ளைத் தேநீர் என்ற பெயரே அதனால்தான்.

வீட்டு மாடியில் அந்த மொட்டுகளை மூங்கில் தட்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வாடவிட்டிருந்தார்கள். பச்சைத் தேயிலையைப் போல வாணலியில் வறுப்பதில்லை. கறுப்புத் தேயிலையைப் போல உருட்டிக் கசக்குவதும் இல்லை. வாடவிடுவது, உலர்த்துவது, அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நண்பரின் அம்மா இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை. வெயில் ஏறினால் தட்டை நிழலுக்கு இழுப்பார், காற்று ஈரமானால் உள்ளே தூக்குவார். புறங்கையை மொட்டின் மேல் லேசாக வைத்துப் பார்த்தே இன்னும் எவ்வளவு வாட வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். இந்தக் கைப்பக்குவம், சீனத்தின் மற்றத் தேயிலைக் கலைகளோடு சேர்ந்து, 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதைச் சொல்லும்போது அந்தம்மாவின் முகத்தில் வந்த பூரிப்பை இன்னும் மறக்கவில்லை.

மொட்டு மட்டும் இருந்தால் அது பாய் ஹாவ் யின் ஜென், அதாவது வெள்ளி ஊசி. மொட்டோடு ஓரிரண்டு தளிரிலை சேர்ந்தால் பாய் மூ தான். பிந்திப் பறிக்கும் முற்றின இலை ஷோவ் மெய். வெள்ளி ஊசி விற்பனைக்குப் போய்விடுகிறது. வீட்டில் எல்லோரும் குடிப்பது பழைய ஷோவ் மெய்தான். மண்சட்டியில் கொதிக்கவைத்து, சில நாள் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். பேரீச்சம்பழம் ஊறின மாதிரி ஒரு இனிப்பு வரும்.

மருந்துப் பேச்சும் அங்கேதான் ஆரம்பித்தது. தைமூ மலையில் இருந்த ஒரு பெண் அம்மை கண்ட குழந்தைகளுக்கு இந்தத் தேநீரைக் கொடுத்துக் காப்பாற்றினாள், அவளே தைமூ அன்னை ஆனாள் என்பது அந்த ஊர்க் கதை. ‘ஒரு வருடம் தேநீர், மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் பொக்கிஷம்’ என்று ஒரு சொலவடையும் உண்டு. நாங்கள் இரண்டையும் மனதில் வாங்கிக்கொண்டு ஒரு பை நிறைய ஷோவ் மெய்யோடு திரும்பினோம்.

இனி கசப்பானது. என் மனைவிக்கு அப்போது ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாப்பாடு சைவம். காலையில் மாத்திரையை வெள்ளைத் தேநீரோடு விழுங்குவாள், சாப்பிட்டதும் இன்னொரு கோப்பை. மருந்தோடு மருந்து என்று நானேதான் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்?” தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற இயற்கைப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், கீரை பருப்பிலிருந்து வரும் இரும்புக்கு இந்தத் தடை இன்னும் அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். எதை ஆன்டிஆக்சிடென்ட் என்று கொண்டாடுகிறோமோ அதேதான் அவள் மாத்திரையை வீணாக்கியது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று இரவு முழுக்க மனம் அடித்துக்கொண்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

குவாங்சோ மாணவி

அண்ணா, அக்கா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

எனக்கு ஆனது வேறு. வெள்ளைத் தேநீரில் காஃபின் கிடையாது, ராத்திரிகூடக் குடிக்கலாம் என்று விடுதித் தோழி சொன்னாள். தேர்வுச் சமயத்தில் தினமும் பத்து மணிக்கு மேல் வெள்ளி ஊசி குடித்தேன். ஒரு வாரம் பொட்டுத் தூக்கம் இல்லை. பிறகு படித்துப் பார்த்தால், தேயிலைச் செடியில் முற்றின இலையைவிட மொட்டிலும் தளிரிலும்தான் காஃபின் அதிகமாம். நிறம் வெளிறியிருந்தால் வீரியமும் குறைவு என்று நானாக நினைத்துக்கொண்டது தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஃபாங்சுன் தேயிலைச் சந்தையில் ஒரு கடையில் 1990களில் வட்டமாக அழுத்திக் கட்டியாக்கிய வெள்ளைத் தேயிலை என்று ஒரு வட்டைக் காட்டினார்கள், விலை என் மாதச் செலவுக்கு மேல். ஏழு வருடப் பொக்கிஷம் என்றால் முப்பது வருடம் எவ்வளவு உசத்தி என்று கை பரபரத்தது. கூட வந்த பேராசிரியர்தான் தடுத்தார். வெள்ளைத் தேயிலை நெடுங்காலம் ஏற்றுமதிக்கும் ஹாங்காங்குக்கும் போன சரக்கு. சீனாவுக்குள் மோகம் பிறந்ததே இந்த நூற்றாண்டில்தான். அழுத்திய வெள்ளைத் தேயிலைக்குத் தேசியத் தரநிலை வந்தது 2015இல். அந்தக் காலத்து வட்டு இவ்வளவு தாராளமாக எங்கிருந்து வரும் என்று கேட்டார். தேதி அச்சடிக்க ஒரு காகிதம் போதுமே.

செவிலி, சிங்கப்பூர்

தங்கச்சி, நல்ல பேராசிரியர் உனக்கு. ஃபூஜோ தம்பிக்கு: தேநீரையே விடச் சொல்ல மாட்டேன், நானும் குடிக்கிறவள்தான். பச்சைத் தேநீர் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் உண்டு. வெள்ளைத் தேநீருக்கென்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஆய்வகக் குடுவையிலும் எலியிலும் பார்த்தது. ஆகவே சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். அம்மைக்குத் தடுப்பூசிதான் காவல், தைமூ அன்னை கதை எவ்வளவு அழகாக இருந்தாலும். சட்டியிலிருந்து நேராகக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கவும் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இலேயே சொல்லிவிட்டது.

ஃபூஜோவாசி

நன்றி அக்கா. தங்கச்சி, அவள் இப்போது தேறிவிட்டாள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு காலையிலேயே போட்டுவிடுகிறாள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது.

தேநீரை விடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வெகு தூரத்தில். ஐந்து கிராம் இலையை மூடிபோட்ட கிண்ணத்தில் போட்டு, அதே இலையில் ஆறேழு முறை வெந்நீர் ஊற்றி எடுக்கிறோம். மூன்றாவது ஊற்றில் வரும் தேன் வாசனைக்காக அவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவாள். நண்பரின் அம்மா இந்த வருடமும் ஷோவ் மெய் அனுப்பியிருக்கிறார். அலுமினியப் பை, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் அட்டைப்பெட்டி என்று அவர் சொன்னபடியே கட்டி, மசாலா வாசனை படாத அலமாரியில் வைத்திருக்கிறோம்.